சீல் உடைத்த பிறகு

எங்கள் வள்ளூரில் 'சீட்டு' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, மாதம் பிறந்தால் தெருக்கோடி அக்காவிடம் கட்டுவது. அந்த அக்கா ஊரை விட்டு ஓடாத வரை இதற்குச் சேமிப்பு என்று பெயர். இன்னொன்று, கையில் விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டு ஆடுவது. இதற்கு எந்தக் காலத்திலும் சேமிப்பு என்று பெயர் வந்ததில்லை.

என் அக்கா பையன் ஒரு நாள் ராத்திரி, "அம்மா, சீட்டுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு எடுத்துக்கறேன்" என்றிருக்கிறான். அக்கா முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, "பரவால்லையே, பொறுப்பு வந்துடுச்சே" என்று பூரித்துப் போயிருக்கிறாள். மூன்றே நிமிஷம். எனக்குப் போன் வந்துவிட்டது.

"டேய் தம்பி, உடனே கிளம்பி வா. இவன் சீட்டாடப் போறானாம்!"

பையனுக்கு வயசு பத்தொன்பது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறான். அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு அவன் ஓவர்டைமில் சம்பாதித்தது. அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அக்காவின் பயத்திலும் நியாயம் இருந்தது. அடுத்த தெருவில் ஒரு கான்ட்ராக்ட் வெல்டர் செல்போனில் ரம்மி ஆடியே பெண்டாட்டி சங்கிலி வரைக்கும் போனவர். அனல்மின் நிலையத்தின் சாம்பல் மாதிரிதான் இந்த விஷயமும். அடுத்த தெருவில் பறக்கிறது என்று நாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

போய் விசாரித்தேன். விசாரிக்கப் போனவன் மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன் என்பது வேறு விஷயம்.

1993-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித ஆசாமி 'மேஜிக்: தி கேதரிங்' என்று ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். சீட்டுக்கட்டு என்றால் 52 என்பது நமக்கு வேதவாக்கு இல்லையா? மனிதர் அதிலேயே கை வைத்தார். பொதுவான கட்டு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு இருபதாயிரத்துக்கும் மேல் விதவிதமான சீட்டுகள் இருக்கின்றன. அவரவர் வாங்கிச் சேர்த்து, அவரவர் கட்டை அவரவரே கட்டிக்கொண்டு வந்து மோத வேண்டும். ஆளுக்கு 20 உயிர். யாருடையது முதலில் பூஜ்யத்துக்கு வருகிறதோ அவர் அவுட்.

சீட்டில் இரண்டு ஜாதி. நிலம் ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. நிலத்தைப் போட்டால்தான் 'மானா' என்ற சக்தி கிடைக்கும். மானா இருந்தால்தான் மற்ற சீட்டை இறக்க முடியும். 'மானாவாரி நிலம்' என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம். அந்தந்த நிறச் சீட்டுக்கு அந்தந்த நிற மானா.

இதில் ஒரு வில்லங்கம் உங்களுக்கு இந்நேரம் உறைத்திருக்கும். அவரவர் வாங்கிச் சேர்ப்பது என்றால் பணக்காரப் பையன்தானே ஜெயிப்பான்? முழுக்க அப்படி இல்லை என்றாலும், பாதிக்கு அப்படித்தான். இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பில் வந்த 'பிளாக் லோட்டஸ்' என்ற ஒற்றைச் சீட்டு 2021-இல் ஐந்து லட்சத்துப் பதினோராயிரம் டாலருக்கு ஏலம் போனது. நம்ம காசுக்கு மூன்று கோடிக்கு மேல். மீஞ்சூரில் ஒரு தெருவையே வளைத்துப் போடலாம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'சீல்டு டெக்'. வீட்டிலிருந்து ஒரு சீட்டும் எடுத்து வரக்கூடாது. மேஜையில் உட்கார்ந்ததும் ஆளுக்கு ஆறு பாக்கெட், சீல் உடைக்காதது. இப்போதெல்லாம் பாக்கெட்டுக்கு 14 சீட்டு. ஆக 84. அரை மணி நேரத்தில் பிரித்து, படித்து, பிடித்ததைப் பொறுக்கி 40 சீட்டில் ஒரு கட்டு கட்ட வேண்டும். சாதாரண நிலச் சீட்டு எத்தனை வேண்டுமானாலும் கடைக்காரரே தருவார். உங்கப்பா யாராக இருந்தாலும் உங்களுக்கும் அதே ஆறு பாக்கெட்.

இதைப் பையன் எனக்கு விளக்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது.

"மாமா, யார்டுக்கு கன்டெய்னர் வருதில்ல, இன்னா இருக்குன்னு நமக்குத் தெரியாது. சீல் நம்பரைப் பாத்து, கட்டர் வெச்சு வெட்டி, உள்ள இருக்கறத ஒண்ணொண்ணா இறக்கி, தினுசு வாரியாப் பிரிச்சு அடுக்கி, டேலி போடணும். லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினே இருப்பான். அதான் மாமா சீல்டு டெக்."

சரி, இது சூதாட்டமா இல்லையா?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை வரை போனவர்களைப் பார்த்து, 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அப்புறம் மாநிலச் சட்டம் வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதில் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் நம்ம ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. இத்தனை கோர்ட்டும் சட்டமும் ஏறி இறங்கிய கேள்விக்கு வள்ளூரில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் என்ன தீர்ப்பு எழுதுவது?

என் அபிப்பிராயத்தை மட்டும் சொல்கிறேன். பாக்கெட்டைப் பிரிக்கிறவரை அது லாட்டரிதான். சந்தேகமே வேண்டாம். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தார்கள் அல்லவா, அதற்கு முன் ஸ்டேஷன் வாசலில் சீட்டை வைத்துக்கொண்டு நம்பர் பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு களை இருக்குமே, வீட்டில் உட்கார்ந்து 'அபூர்வ சீட்டு விழுமா' என்று பாக்கெட் மேல் பாக்கெட்டாகப் பிரிக்கிற பையன்கள் முகத்திலும் அதே களை. நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சீல்டு ஆட்டத்தில், பிரித்து முடித்த வினாடியில் லாட்டரி முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் இருக்கிறதெல்லாம் வேலை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "கேரம்கூட வெட்டிப் பசங்க ஆட்டம்னுதான் இந்தப் பக்கம் சொன்னாங்க. மரிய இருதயம் உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா அவார்டு வாங்கல? 2024-ல நம்ம வடசென்னைப் பொண்ணு காசிமா அமெரிக்கா போய் மூணு தங்கம் வாங்கிட்டு வரல?"

"கேரம் போர்டுல ஆறு பாக்கெட் வாங்கச் சொல்றாங்களா?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஒரு சமரசம். மூன்று வாரம் பழகிவிட்டு, ஒரே ஒரு தடவை போகலாம். காவலுக்கு மாமா போக வேண்டும். மாமா யாரு? நான்தான்.

பழகுவது என்றால் எப்படி? ஒவ்வொரு தடவையும் ஆறு பாக்கெட் பிரித்தா பழக முடியும்? பைக் தவணை கட்டுகிற காசு அது. இங்கேதான் பையனும் அவன் தோஸ்துகள் மூன்று பேரும் ஒரு காரியம் பண்ணினார்கள். நாலு பேரும் தங்களிடம் கிடந்த பழைய சாதாச் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டினார்கள். 336 தேறியது. நன்றாகக் கலக்கி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் 24-ஐப் பொறுக்கி எடுத்து, கவருக்கு 14 போட்டு, மைதாப் பசையில் ஒட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஆறு கவர். மூலையில் மஞ்சள் தடவி, 'இருவீட்டார் அழைப்பு' என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பூதமும் பிசாசும்!

முதல் ஞாயிற்றுக்கிழமை, செல்போனில் அரை மணி அலாரம் வைத்து ஆரம்பித்தார்கள். பையன் கட்டி முடிக்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. காரணம், ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, படத்தை ரசித்து, எழுத்தைப் படித்து, "இது செம சீட்டுடா" என்று அடுத்தவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். யார்டில் இப்படி டேலி எழுதினால் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை 22 நிமிஷம். எப்படி? படிக்க வேண்டியதை முன்கூட்டியே படித்துவிட்டான். ஒரு புது வரிசை வருகிறதென்றால், அதில் என்னென்ன சீட்டு என்ற முழுப் பட்டியலும் முன்னாலேயே வெளியாகிவிடும். எல்லாரும் அதில் அபூர்வ சீட்டுகளைத்தான் உருட்டி உருட்டிப் படிப்பார்கள். இவன் சாதாச் சீட்டுகளைப் படித்தான். பாக்கெட்டில் வரப்போவதில் பாதிக்கு மேல் சாதாவும் நடுத்தரமும்தானே? அபூர்வம் ஒன்று நிச்சயம், சில சமயம் கூடுதலாகவும் வரலாம். பரீட்சையில் பத்து மார்க் கேள்வியை விட்டுவிட்டு அட்டைப் படத்தை மனப்பாடம் பண்ணுகிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

பிரித்ததும் நிறவாரியாக ஐந்து குவியல். உபயோகமே இல்லாததை உடனே ஓரங்கட்டுவது. மிச்சத்தை விலைவாரியாக, ஒரு மானா, இரண்டு மானா, மூன்று மானா என்று பத்தி பத்தியாக அடுக்குவது. அப்புறம் எந்த இரண்டு நிறத்தில் சரக்கு கெட்டியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. விலை குறைந்த ஆட்கள் வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாலு முறைக்குள் எதிராளி நம் வீட்டு வாசலில் நிற்பான். எதிராளியின் ஆளை மேஜையை விட்டே அப்புறப்படுத்துகிற சீட்டுகளும் வேண்டும். இவர்கள் அதற்கு 'கிரேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். துறைமுகத்துப் பக்கத்துப் பிள்ளைகள், வேறென்ன பெயர் வரும்? பதினாறு ஆள், ஏழு கிரேன் வகையறா, பதினேழு நிலம். கூட்டினால் நாற்பது.

இந்தப் பதினேழில்தான் தகராறு. "நிலம் சும்மா கிடக்கற சீட்டு மாமா. பதினஞ்சு போதும், ரெண்டு ஆளு எக்ஸ்ட்ரா வெச்சிக்கலாம்" என்றான். ஆபீஸில் மத்தியானம் மேனேஜர் கண் அசருகிற நேரமாகப் பார்த்து எக்ஸெல்லில் போட்டேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது கையில் ஏழு சீட்டு வரும். நாற்பதில் பதினேழு நிலம் இருந்தால், அந்த ஏழில் இரண்டோ மூன்றோ நாலோ நிலம் வருவது நூறு தடவைக்குக் கிட்டத்தட்ட எண்பது தடவை. ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ வருவது பத்துக்குக் கொஞ்சம் மேல். பதினைந்து நிலம் என்றால் அந்தப் பத்து பதினேழாக எகிறுகிறது. இரண்டு ஆள் கூடுதலாக வருகிறார்கள், உட்காரத்தான் இடமில்லை!

இன்னொரு கணக்கும் போட்டேன். நாற்பதில் ஒரே ஒரு பிரமாதமான சீட்டு வைத்திருக்கிறோம். ஆட்டம் ஏழெட்டு முறை போனால் மொத்தம் பதினாலு சீட்டு பார்த்திருப்போம். அந்தப் பிரமாதம் கைக்கு வந்திருக்க வாய்ப்பு நூற்றுக்கு 35. அதாவது மூன்று ஆட்டத்தில் இரண்டில் அந்த மகாராஜா வரவே மாட்டார். மிச்சப் படையை வைத்துத்தான் பிழைப்பு.

இதை எக்ஸெல் இல்லாமலே சொன்ன ஒருத்தர் இருக்கிறார். எங்கள் கும்மிடிப்பூண்டி லைனில் காலை வண்டியில் ஒரு ரம்மி கோஷ்டி உண்டு. நாலு பேர் முழங்கால் மேல் ஒரு சூட்கேஸ், அதன் மேல் துண்டு. நான் அத்திப்பட்டு புதுநகரில் ஏறும்போது ஆட்டம் சூடாக இருக்கும். அதில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இப்போது எங்கேயும் வேலை இல்லை. ரம்மிக்காகவே சீசன் டிக்கெட் எடுக்கிறார் என்று ஒரு பேச்சு. ஒருநாள் ஒரு கவரைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பதினாலையும் விசிறியாகப் பிடித்தார். வலப் பக்கமிருந்து இடப் பக்கம் மாற்றினார். எண்ணூர் தாண்டிற்று.

"படம் ஜோரா இருக்கு சார். இதுல எது ஜோக்கர்?"

ஜோக்கர் கிடையாது, ஆனால் இந்த மாதிரி ஓர் அபூர்வ சீட்டு உண்டு என்றேன்.

"அதே கதைதான் சார். கைக்குப் பதிமூணு வந்ததும் புதுப்பையன் ஜோக்கரைத்தான் பாப்பான். ஜோக்கர் சேராம ஒரு வரிசை சேந்திருக்கா இல்லையான்னு பாக்க மாட்டான். அது இல்லாம எத்தினி ஜோக்கர் இருந்து இன்னா பிரயோஜனம்? எம்பது எழுதிக்கினு போக வேண்டியதுதான்." கொஞ்சம் யோசித்தார். "கை மோசமாயிருந்தா எடுத்தவொடனே டிராப் பண்ணு, இருபதோட போவும். ஆசைப்பட்டு நடுவுல டிராப் பண்ணா நாப்பது. பையன் கிட்ட சொல்லுங்க."

பையனிடம் சொன்னேன். மேஜிக்கிலும் அதற்கு வழி இருக்கிறதாம். முதல் ஏழு மோசமென்றால் திருப்பிப் போட்டுக் கலைத்து மறுபடி ஏழு எடுக்கலாம், அபராதமாக ஒன்றைக் கட்டின் அடியில் செருகிவிட வேண்டும்.

போட்டி நாளும் வந்தது. நகரத்துக்குள் ஒரு கடை. பெயர் எதற்கு? பத்துப் பதினைந்து பேர். பெரும்பாலும் ஐ.டி. கம்பெனி இளைஞர்கள், தோளில் விலை உயர்ந்த பை. எங்கள் பையன் பேனா, தாள், தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம் சகிதம் உட்கார்ந்திருந்தான். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில்.

ஆறாவது பாக்கெட்டைப் பிரித்தபோது அவன் முகம் மாறியது. சிவப்பு நிறத்தில் ஒரு டிராகன். அபூர்வத்திலும் அபூர்வம். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து விசில் அடித்தார். ஆனால் பையன் அடுக்கிய பத்திகளைப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் மலை மாதிரி. சிவப்பில் டிராகனைச் சேர்த்தால் உருப்படியாக ஐந்தே சீட்டு. டிராகனை எடுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தான். திரும்ப எடுத்தான். பச்சைக்குப் பக்கத்தில் வைத்தான். என் கைக்கெடிகாரத்தில் முழுசாக நாலு நிமிஷம். பத்தொன்பது வயசில் டிராகன் கிடைத்தால் நீங்களும் நானும் என்ன பண்ணியிருப்போம்? கடைசியில் ஓரக் குவியலில் கவிழ்த்து வைத்துவிட்டான்.

முதல் ரவுண்டில் எதிரே விசில் அடித்தவரே வந்தார். அவர் மூன்று நிறத்தில், கிடைத்த அபூர்வத்தையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தார். நிறம் சேரவில்லை. கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தவரை இவனுடைய இரண்டு மானா ஆட்களே முடித்துவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் ஒரு நிதானப் பேர்வழியிடம் தோல்வி. மூன்றாவதில் முதல் கையில் ஒரே நிலம். கலைத்தான். அடுத்த கையில் இரண்டு, அதற்கப்புறம் அஞ்சு முறை நிலமே வரவில்லை. அந்தப் பத்துச் சில்லறை சதவீதம் என்று நான் எக்ஸெல்லில் அசால்ட்டாகப் பார்த்தேனே, அது எதிரே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பையன் காதெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்து கைகொடுத்துவிட்டு வந்து எலுமிச்சை சாதத்தைத் திறந்தான். பேசவில்லை.

இந்தப் போட்டியில் தோற்றவனை வெளியே அனுப்புவதில்லை. ஏறக்குறைய அதே புள்ளி வாங்கினவனோடு அடுத்த ரவுண்டு. நாலாவதில் வந்தவர் படை முழுக்கப் பறக்கிற ஜாதி. தரையில் நிற்கிற ஆள் பறக்கிறவனைத் தடுக்க முடியாது. முதல் ஆட்டம் பத்து நிமிஷத்தில் காலி. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

சீல்டு ஆட்டத்தில் ஒரு சௌகரியம். கட்டில் சேர்க்காத மிச்சச் சீட்டு அத்தனையும் கைக்காவல். ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம். பையன் ஓரக் குவியலை எடுத்தான். டிராகனைத் தொடவில்லை. அதற்கு அடியில் கிடந்த இரண்டு பச்சைச் சிலந்தியை உருவினான். சாதாச் சீட்டு, கீழே விழுந்தால்கூட யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். ஆனால் பறக்கிறவனையும் தடுக்கும். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு சிலந்தி வந்தது. மூன்றாவதில் இரண்டுமே வந்தன. எதிராளியின் கழுகெல்லாம் வலைக்கு இந்தப் பக்கம் வரத் தயங்கி நிற்க, தரையில் இவன் ஆட்கள் நடந்தே போய் அடித்தார்கள்.

இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. மூன்று ஜெயித்தால்தான் பரிசாம். ஆகவே வரவு 84 சீட்டு, செலவு இரண்டாயிரத்து ஐந்நூறு, அது போக ரயில் டிக்கெட். டிராகனை அங்கேயே ஒருத்தர் அறுநூறு ரூபாய்க்குக் கேட்டார். "கொடுத்துடேன்டா, கொஞ்சம் காசாவது திரும்பும்" என்றேன். "இல்ல மாமா, கவர்ல போடணும்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரேன் பெரியவர் மீஞ்சூரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பேத்தி கல்யாணத்துக்கு அடித்து மிஞ்சிப்போன பத்திரிகைக் கவர் ஒரு கட்டு. பழையதெல்லாம் பிரித்துப் பிரித்துக் கிழிந்திருந்ததால் எல்லாம் புதுக் கவர். ஐந்தாவது ஆளாக உட்கார்ந்துவிட்டார். ஐந்து பேருக்கு முப்பது கவர், 420 சீட்டு வேண்டும். பழைய 336-உடன் அந்த 84-ஐக் கலந்தால் கணக்கு டாணென்று நிற்கிறது. டிராகனும் அதில் எங்கேயோ இருக்கிறது. எந்தக் கவரில் என்று ஒட்டினவர்களுக்கே தெரியாது. பெரியவர் ஆறு கவரையும் ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, அலாரத்தை வைக்கச் சொன்னார்.